பழைய குவாலிஸ்: தரையில் ஒரு சொட்டு இல்லை, ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது

ஏற்காடு ரோடு:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2002 குவாலிஸ், டீசல், 3,40,000 கிலோமீட்டர் ஓடியது. ஆர்.சி. இரண்டு முறை புதுப்பித்தாயிற்று. அப்பா வாங்கிய வண்டி, அதனால் விற்க யாருக்கும் மனசு வரவில்லை.

மூன்று மாதமாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. வாரத்துக்கு அரை லிட்டர், சில வாரம் கொஞ்சம் கூட. ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் காலையில் குனிந்து பார்த்தால் தரை காய்ந்து கிடக்கிறது. ஏசி தண்ணீர் சொட்டுவது தெரியும், அது இடது பக்கம், கையில் தொட்டும் பார்த்துவிட்டேன், வெறும் தண்ணீர்தான். ரேடியேட்டரோடு டியூபில் இணைந்த ஸ்பேர் பாட்டிலில் எப்போதும் லெவல் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் முதலில் ஒரு மாதம் நானே ஏமாந்தேன். சந்தேகப்பட்டு ஒரு நாள் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை.

மாமனார் வீடு ஏற்காட்டில். சமவெளியில் எந்தப் பிரச்சினையும் இல்லை, போன ஞாயிறு மலை ஏறும்போது பதினாலாவது வளைவு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே போனது, ஓரமாக நிறுத்திவிட்டேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார், ரெண்டு குமிழி வந்தது, உடனே "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பணும், எல்லாம் சேர்த்து 28,000 ஆகும்" என்றார். ஹெட் கேஸ்கட் என்பது என்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு, அது போனால் தண்ணீர் ஆயிலிலோ சிலிண்டரிலோ கலக்குமாம். ஆனால் ஆயில் ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கிறது, பால் மாதிரி இல்லை. வெள்ளைப் புகையும் இல்லை. உண்மையிலேயே கேஸ்கட்தானா? இல்லையென்றால் இந்தத் தண்ணீர் எங்கேதான் போகிறது?


மதுரை டாப் கியர்:

24 வருஷ வண்டிக்கு 28,000 போடுவதற்குப் பதில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாக இருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இப்படி ஒரு பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதவன்.


பழைய ஸ்பானர்:

விற்பதெல்லாம் அப்புறம். தம்பி, முதலில் அந்த ஹெட்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். நான் முப்பது வருஷம் டீசல் வண்டி வேலை பார்த்தவன், இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

குமிழியை வைத்து கேஸ்கட் என்று சொல்வது ஜோசியம். ரேடியேட்டர் குறைந்து போய் நீங்கள் மேலே ஊற்றியிருக்கிறீர்கள், உள்ளே காற்று மாட்டியிருக்கும், ஸ்டார்ட் செய்தவுடன் அந்தக் காற்று ரெண்டு குமிழி, நாலு குமிழி என்று வரத்தான் செய்யும், வந்து நின்றுவிடும். கேஸ்கட் போயிருந்தால் அது நிற்காது. ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கக் கொடுக்க சோடா பாட்டில் மாதிரி பொங்கிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, காலையில் வண்டி ஜில்லென்று இருக்கும்போது மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு, மேல் ஓஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்தில் என்ஜின் சூடே ஏறியிருக்காது, அதற்குள் ஓஸ் கல் மாதிரி விறைத்துப் போனால் சிலிண்டரில் இருந்து காற்று தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். மெதுவாகச் சூடோடு சூடாக விறைத்தால் அது இயற்கை. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், ஃபேனும் பக்கத்திலேயே சுற்றும், துண்டு, சட்டைக் கை எதுவும் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது பாட்டில் சமாச்சாரம்தான். கேஸ்கட் கேஸில் பெரும்பாலும் பாட்டில் நிரம்பி வழியும், ஏனென்றால் உள்ளே இருக்கிற அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உங்களுக்குப் பாட்டில் அப்படியே நிற்கிறது, ரேடியேட்டர் மட்டும் காலியாகிறது. என்ஜின் ஆறும்போது ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவில் இருக்கிற சின்ன வால்வு திறந்து பாட்டிலில் இருந்து தண்ணீரை இழுக்க வேண்டும். அது இழுக்கவில்லை என்றால் மூன்றில் ஒன்று. அந்தச் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பாட்டிலுக்குப் போகிற மெல்லிய டியூப் வெடித்திருக்கிறது, அல்லது வேறு எங்கேயோ ஒரு ஓட்டை இருந்து, தண்ணீருக்குப் பதில் அந்த வழியாகக் காற்றை இழுத்துக்கொள்கிறது. மூன்றாவதுதான் உங்களுடையது என்று என் மனசு சொல்கிறது. ஆனால் மூடியை முதலில் மாற்றுங்கள், அதுதான் இருப்பதிலேயே மலிவு.

மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதன் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ போட்டிருக்கும், எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்பது அது. மூடி சரியாக இருந்தால் சேலத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால் அழுத்தம் நிற்காது, ஏற்காட்டு உயரத்தில், அது கிட்டத்தட்ட 1,500 மீட்டர், 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். மலையில் மட்டும் முள் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், ஓஸை அமுக்கினால் பஞ்சு மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான். என் வலது முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு இருக்கிறது, ஒரு ஜீப் கொடுத்தது, 1991-ல். அவசரப்பட்டது நான்தான், ஜீப்பின் மேல் தப்பில்லை.


பத்துச் சக்கரம்:

ஹெட்டும் வேண்டாம் மூடியும் வேண்டாம் பாஸ். ரெண்டு ஸ்பூன் மஞ்சள் தூள் ரேடியேட்டரில் போட்டு ஓட்டுங்கள். நான் லாரியில் நாக்பூர் வரைக்கும் அப்படியே போய் லோடு இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். லீக் தானாக அடைத்துக்கொள்ளும்.


பழைய ஸ்பானர்:

நடு ரோட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு நின்றால் நானும் மஞ்சள் தூள்தான் போடுவேன், அதில் வெட்கம் இல்லை. ஆனால் ஊர் வந்து சேர்ந்ததும் கழுவி எடுத்துவிட வேண்டும். ஓட்டையை அடைக்கிற பொடிக்கு எது ஓட்டை, எது ரேடியேட்டர் குழாய் என்று தெரியாது. கடையில் டப்பாவில் விற்கிற லீக் அடைக்கிற மருந்தும் அந்த ஜாதிதான். வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்கு எதற்கு?


பத்துச் சக்கரம்:

கழுவவில்லை என்று யார் சொன்னது அண்ணே. ரேடியேட்டர் கடையில் ராடு விட்டபோது பொங்கல் வைக்கிற அளவுக்கு மஞ்சள் வந்தது.


கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:

ஸ்பானர் ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். தரையில் சொட்டவில்லை என்பதால் வெளியே லீக் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஓடும்போது மட்டும் லீக் ஆகி, ஃபேன் காற்றில் தூவானமாகப் பறந்து, சூடான என்ஜின் மேல் பட்டு ஆவியாகிப் போகிற லீக் நிறைய உண்டு. அதில் தண்ணீர் போய்விடும், ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற கூலன்டின் உப்பும் சாயமும் மட்டும் தங்கிவிடும். எந்தக் கலர் கூலன்ட் ஊற்றினீர்களோ அந்தக் கலரில், இல்லையென்றால் வெள்ளையாக, கண்ணீர் வழிந்து காய்ந்த கோடு மாதிரி ஒரு தடம் இருக்கும். வண்டி ஜில்லென்று இருக்கும்போது டார்ச் அடித்து அந்தத் தடத்தைத் தேடுங்கள், அது மேலே எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள், கீழே எங்கே முடிகிறது என்பது உதவாது. ரூபாய் நோட்டு பார்க்கிற நீல டார்ச் இருந்தால் இன்னும் நல்லது, சில கூலன்ட் அந்த வெளிச்சத்தில் தானாகவே மின்னும், மின்னாவிட்டால் அதற்கென்று சாயம் விற்கிறார்கள்.

அதே மாதிரி உள்ளேயும் பாருங்கள். ஹீட்டர் இருக்கிற வண்டி என்றால் முன் சீட் காலடியில் மிதியடியைத் தூக்கிவிட்டுக் கார்ப்பெட்டை அழுத்துங்கள். ஈரமாகப் பிசுபிசு என்று இருந்து, இனிப்பு மாதிரி ஒரு வாசனையும் வந்தால் ஹீட்டர் ரேடியேட்டர் லீக். ஏசி தண்ணீர் உள்ளே வந்தாலும் கார்ப்பெட் நனையும், ஆனால் பிசுபிசுக்காது. தயவு செய்து நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், பழைய ஆட்கள் சிலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. அது விஷம். தெரு நாய் நக்கினால்கூடச் செத்துப்போகும், அதனால் வடித்த கூலன்டைச் சாக்கடை ஓரத்தில் விடாதீர்கள்.

காலை நேரக் குளிரில் மட்டும் கிளிப் பக்கத்தில் கசிகிற ஓஸும் உண்டு. ரப்பர் இறுகிப்போய், ராத்திரி சுருங்கும்போது விட்டுவிடும், சூடானதும் தானாகவே பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்கிடம் கொண்டு போகும் நேரம் அது சூடாக இருக்கும், அவர் ஒன்றுமில்லை என்பார், நீங்களும் சண்டை போடுவீர்கள்.


ஏற்காடு ரோடு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை ஓஸ் பரிசோதனை செய்தேன். மூன்று நிமிஷம் ஓடியும் ஓஸ் மெத்தென்றுதான் இருந்தது. குமிழி ஆரம்பத்தில் ஐந்தாறு வந்தது, அப்புறம் வரவில்லை. கார்ப்பெட் காய்ந்திருக்கிறது. மூடி புதிது போட்டாயிற்று, டியூபும் மாற்றிவிட்டேன். நாலு நாள் ஓட்டிப் பார்த்தேன், பாட்டில் அப்படியே இருக்க, ரேடியேட்டர் மறுபடியும் இரண்டு விரல் குறைந்திருக்கிறது.

தடம் தேடினேன். ரேடியேட்டருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஆனால் ஃபேனைச் சுற்றி இருக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் கூட்டின் உள்பக்கம் முழுவதும், மூக்குப்பொடி தூவிய மாதிரி வெளிறிய ரோஸ் புள்ளிகள். இது பழைய அழுக்கா, இதுதான் நீங்கள் சொன்னதா என்று தெரியவில்லை. சிவப்புக் கூலன்ட் ஊற்றி ரெண்டு வருஷம் ஆகிறது, நடுவில் மேலே ஊற்றியதெல்லாம் போர் தண்ணீர்தான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.


பழைய ஸ்பானர்:

போர் தண்ணீரா! சேலத்துப் போர் தண்ணீரில் குளித்தால் தலைமுடியே பிரஷ் மாதிரி ஆகிறது, அதைப் போய் என்ஜினுக்குள் ஊற்றுவார்களா தம்பி. பாத்திரத்தில் படிகிற அந்த வெள்ளைப் படிவம் என்ஜின் உள்ளேயும் படியும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிறது.

அந்த ரோஸ் புள்ளிதான் நமக்கு வேண்டிய சாட்சி. இந்த என்ஜினில் ஃபேன் உட்கார்ந்திருப்பதே வாட்டர் பம்ப் தண்டின் மேல். பம்ப்புக்கு உள்ளே தண்ணீரைத் தடுக்கிற சீல் ஒன்று, அதற்கு முன்னால் பேரிங். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்கில் போய்விடக் கூடாது என்று நடுவில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு துளை வைத்திருப்பார்கள், பம்ப் அடியில் இருக்கும். அந்தத் துளையில் ஈரமோ உப்புப் படிவமோ இருந்தால் சீல் முடிந்துவிட்டது. ஓடும்போது அதில் இருந்து வருகிற தண்ணீரை ஃபேன் அடித்துச் சிதறவிடும், அதனால்தான் தரையில் சொட்டவில்லை. நின்ற பிறகு அதே சீல் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும், அதனால்தான் பாட்டில் குறையவில்லை. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்கிற மகான்களும் இருக்கிறார்கள், அடைத்தால் பேரிங் ஊறிப்போய் ஒரு நாள் ஃபேன் பிய்த்துக்கொண்டு ரேடியேட்டரில் பாயும்.

என்ஜினை நிறுத்திவிட்டு, ஆறிய பிறகு, ஃபேன் இறக்கையை ரெண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தண்டு லேசாக ஆடினாலும் பம்ப் மாற்ற வேண்டியதுதான்.

ஆனாலும் என் பேச்சைக் கேட்டுப் பம்ப் வாங்காதீர்கள். நல்ல ரேடியேட்டர் கடையில் பிரஷர் டெஸ்டர் வைத்திருப்பார்கள். சைக்கிள் பம்ப் மாதிரி கையால் அடிப்பது, மீட்டரோடு இருக்கும், மூடி இருக்கிற இடத்தில் மாட்டுவார்கள். வண்டி ஜில்லென்று இருக்கும்போது, மூடியில் எழுதியிருக்கிற அளவுக்கு அடித்துவிட்டு, அதற்கு மேல் அடிக்கக் கூடாது, கால் மணி நேரம் காத்திருங்கள். முள் நிற்கிறதென்றால் அந்த நிலையில் லீக் இல்லை. இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது, ஓடாத என்ஜினில் ஃபேன் காற்று இல்லாததால் சொட்டு தொங்குவது கண்ணுக்குத் தெரியும். முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரமே இல்லை என்றால் மட்டும் ஹெட்டைச் சந்தேகப்படலாம். அப்போதும் உடனே இறக்க வேண்டாம், அழுத்தத்தோடு கொஞ்ச நேரம் விட்டு, சிலிண்டரைச் சூடாக்குகிற குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தால், சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருந்தால் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சும். முகத்தைப் பக்கத்தில் வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.


மதுரை டாப் கியர்:

விற்கச் சொன்னவன் நான்தான். இப்போது பதில் தெரியாமல் எனக்கே தூக்கம் வராது போலிருக்கிறது. சீக்கிரம் டெஸ்ட் செய்து எழுதுங்கள்.


ஏற்காடு ரோடு:

முடிந்தது. சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே, வண்டி சூடாவதற்குள், வீட்டில் இருந்து ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கும் ரேடியேட்டர் கடைக்குப் போய், அவர் கடை திறந்து சாமிக்கு ஊதுவத்தி காட்டும் வரை வெளியே காத்திருந்தேன். 0.9-க்கு அடித்தார். பத்து நிமிஷத்தில் 0.7. இரண்டு பேரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அப்புறம் அவர் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, டார்ச்சோடு கையை பம்ப்புக்கு அடியில் விட்டு எடுத்தார். வீடியோவில் பார்த்தால் அந்தத் துளையின் உதட்டில் ஒரு சொட்டு, விழவே மாட்டேன் என்று தொங்கிக்கொண்டிருக்கிறது, அதைச் சுற்றி ரோஸ் கலரில் பூத்துப்போன உப்பு. ஃபேனை ஆட்டினால் கையில் டக் டக் என்று தெரிந்தது. இத்தனை நாள் அதை ஆட்டிப் பார்க்கத் தோன்றாதது எனக்கே ஆச்சரியம்.

கழற்றும்போது இன்னொரு கூத்து. சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடுகிற வால்வு, அதாவது தெர்மோஸ்டாட், இருக்க வேண்டிய இடம் காலி! எப்போதோ யாரோ எடுத்துப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடியிருக்கிறார்கள். ரேடியேட்டர் கடைக்காரர் "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்குன்னு தூக்கிடுவாங்க சார், வழக்கம்தான்" என்றார். மலையில் முள் ஏறியதற்கு அதுவும் காரணமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புதிது போட்டாயிற்று. கீழ் ஓஸும் கிளிப் பக்கம் பிளவுபட்டிருந்தது, அதையும் மாற்றினோம். பம்ப், தெர்மோஸ்டாட், ஓஸ், பெல்ட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 7,200.


பழைய ஸ்பானர்:

காரணமாகத்தான் இருந்திருக்கும். இந்த மாதிரி பல டீசல் என்ஜின்களில் தெர்மோஸ்டாட் ரெண்டு வேலை பார்க்கும். சூடேறியதும் ரேடியேட்டர் பக்கக் கதவைத் திறக்கும், அதே நேரம் அதன் அடியில் இருக்கிற தட்டு போய் பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். சமவெளியில் சமாளித்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவும் இரண்டாவது கியரில் ஆள் நிறைய ஏறினால், அதுவும் ரேடியேட்டரில் பாதித் தண்ணீரோடு, எங்கே சமாளிக்கும்? குளிர்ச்சிக்காக எடுத்தது சூட்டில் கொண்டு விட்டிருக்கிறது.

காற்று முழுவதும் வெளியேற ஒரு வாரம் ஆகும். தினமும் காலையில், ஜில்லென்று இருக்கும்போது, மூடியைத் திறந்து பாருங்கள், பாட்டிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓட்டும்போது முள் சட்டென்று கீழே விழுந்தாலும் சந்தோஷப்படாதீர்கள், தண்ணீர் குறைந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால் அப்படித்தான் காட்டும்.


ஏற்காடு ரோடு:

எட்டு நாள் ஆகிறது. முதல் ரெண்டு நாள் ஒரு டம்ளர் குடித்தது, அதற்குப் பிறகு கழுத்து வரை நிற்கிறது, பாட்டிலிலும் ராத்திரிக்கும் காலைக்கும் ஏற்ற இறக்கம் தெரிகிறது. நேற்று ஏற்காடு போய் வந்தோம், ஏசி போட்டு, ஆறு பேர், முள் பாதிக்குக் கீழேயே நின்றது.

பழைய பம்ப்பைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டார். இதற்கு சீல், பேரிங் கிட் போட்டுத் தயார் செய்து வைத்துக்கொண்டால் பின்னால் உதவுமா அண்ணே?


பழைய ஸ்பானர்:

எடைக்குப் போடுங்கள் தம்பி. ரெண்டு டீக்கு ஆகும்.